பாப்பம்மாவின் "சரிங்க"

எனக்கு வாய் நீளம். மாத்தளையில் இது தெரியாதவர்கள் குறைவு. சிறுவர் காப்புச் சங்கத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டதே அந்த வாய்க்காகத்தான். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பெண்கள். எட்டுப் பேர் மாதக் கூட்டத்துக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். ஒன்பதாவது ஆளான நூருன்னிஸா, அதாவது நான், பொலிஸில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளோடு கோர்ட்டுக்குப் போவேன். நான் சட்டம் படித்தவளில்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, "இதை எங்களிடம் விடுங்கள் ஐயா, நாங்கள் பொறுப்பு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. பதினெட்டு வருஷம் அப்படி நின்றேன். அதில் நான் வாயடைத்துப்போய் நின்றது ஒரே ஒரு நாள்தான். அது பாப்பம்மாவின் வழக்கு நடந்த நாள்.

எழுபதாம் ஆண்டு ஜனவரி மாதம் அது. பாப்பம்மாவுக்குப் பதின்மூன்று வயது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. டவுனில் கலந்தர் முதலாளியின் சரக்குக் கடையில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்கு விட்டிருந்தார்கள். ஒருநாள் கடையில் ஒரு மூட்டை ஏலக்காய் காணாமல் போனது. முதலாளி பொலிஸுக்குச் சொல்ல, சார்ஜன்ட் வந்தார். கடையில் இருந்தவர்களில் சின்னவளும் கேட்பாரற்றவளும் அவள்தான். சார்ஜன்ட் அவளை நிறுத்திவைத்து, திருடியது அவள் என்றார். அவள் "சரிங்க" என்றாள்.

சார்ஜன்டுக்குத் தமிழ் அரைகுறை. அவர் காதில் அந்தச் "சரி" சிங்களத்து "ஹரி"யாக விழுந்தது. சிங்களத்திலும் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். ஆகவே குற்றத்தை ஒத்துக்கொண்டாள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். மூட்டை எங்கே என்றால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை.

வழக்கு முடியும்வரை அவளைச் சங்கத்தின் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி நீதிபதி சொன்னார். அங்கே சமைப்பவள் நாச்சியா. பிள்ளை வந்த அன்றே அவளிடம் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டது. நான் போய் முன்னால் நின்றதும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டது.

"இந்தா பாரு மகள்," என்றேன். "கோர்ட்டில ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளு. மத்ததை நான் பேசிக்கிறேன்."

"சரிங்க."

"தலையத் தூக்கிப் பேசாத. அழுகை வந்தா நல்லா அழு."

"சரிங்க."

எவ்வளவு சொல் கேட்கிற பிள்ளை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் என் புருஷன் புஹாரியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அது பாவம். நீ எனக்கிட்டயும் அப்பிடித்தானே. சோறு வேணுமான்டு ஒருநாளும் கேக்க மாட்டாய். தின்னுங்கண்டு சொல்லுவாய்."

"வேணாமா அப்ப?" என்று தட்டை நகர்த்தினேன். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேச்சு அதோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பன் முத்துவீரன் இரத்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குப் போவதற்கு நாள் குறித்து வந்த கடிதம் அது. பெப்ரவரி இருபதாம் திகதி தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும்.

"நாள் தப்புனா பொலிஸு வந்து ஏத்தி அனுப்பிருவாங்களாம் நோனா," என்றான். "புள்ள உள்ள போயிருச்சுன்னா நாங்க எப்படிப் போறது? அங்க எங்களுக்கு யாரத் தெரியும்? அவ வெளிய வந்தா எங்களத் தேடி எங்க வருவா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம்தான் நன்னடத்தை அதிகாரி சொல்லியிருந்தார், ஒத்துக்கொண்ட பிள்ளைகளை இப்போதெல்லாம் எச்சரித்து விடுவதில்லை, மூன்று வருஷம் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று. அந்தப் பள்ளி இருந்தது தெற்கே, தமிழ் ஒரு சொல்லும் கேட்காத ஊரில். மூன்று வருஷம் கழித்து வெளியே வருகிற பிள்ளைக்கு இந்த நாட்டில் வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அப்படியானால் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்றே. நாச்சியா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போய்ப் பாப்பம்மாவிடம் என் எரிச்சலைக் கொட்டினேன்.

"எல்லாத்துக்கும் இப்படியே தலையாட்டிக்கிட்டு இரு. நீதான் மாத்தளைய ஆளுற ஏஜன்ட் தொரை."

"சரிங்க."

நான் அப்படியே நின்றேன். நாச்சியா திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து அலுவிகாரைக்கு யானை மேல போனது நீதான்," என்றேன்.

"சரிங்க."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. தோட்டத்தில் கங்காணி, கணக்கப்பிள்ளை, தொரை என்று யார் எதைச் சொன்னாலும் இவர்கள் வாயில் வருகிற முதல் வார்த்தை அது. அதற்கு ஆமாம் என்று அர்த்தமே இல்லை. காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். இதை நீதிபதி கண்ணெதிரே காட்டிவிட்டால் சார்ஜன்டின் கொப்பிக்கு மதிப்பில்லை. அன்றைக்கு நான் நாச்சியாவைக் கட்டிப்பிடிக்காத குறை. என் கெட்டித்தனத்தை நினைத்து நினைத்து வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

பிள்ளைகளின் வழக்கை நீதிபதி பெரிய மண்டபத்தில் எடுப்பதில்லை. பின்னால் இருந்த தன் அறையில் கேட்பார். அன்று அங்கே இருந்தது நீதிபதி, சார்ஜன்ட், கலந்தர் முதலாளி, மொழிபெயர்க்கும் முதலியார் சிவலிங்கம், நான், பாப்பம்மா, கதவோரம் முத்துவீரன். பாப்பம்மா நாச்சியா தைத்துக் கொடுத்த நீலச் சட்டையில் வெறுங்காலோடு நின்றாள்.

சார்ஜன்ட் கொப்பியை வாசித்து முடித்ததும் நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். "இந்தப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, ஐயா. சந்தேகமென்றால் நீங்களே ஏதாவது கேட்டுப் பாருங்கள். நடக்க முடியாத எதையாவது கேளுங்கள். சரிங்க என்பாள்."

நீதிபதி வயதானவர், சாந்தமான மனிதர். அவருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சுவரையும் கூரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முதலியாரிடம் சிங்களத்தில் சொன்னார். முதலியார் ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் தமிழில் கேட்டார்:

"இந்தக் கோர்ட்டக் கட்டினது நீயா, பிள்ளை?"

பாப்பம்மா தலையைத் தூக்கினாள். மூன்று வாரத்தில் அவள் கண்ணை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். முதலியாரைப் பார்த்தாள், பிறகு நீதிபதியைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சார்ஜன்ட் மீசைக்குள் சிரித்தார். மூன்று வார வேலையும் என் கெட்டித்தனமும் ஒரு சொல்லில் போயின. பாவி மகளே, இன்றைக்கென்று பார்த்தா உனக்கு வாய் திறக்க வேண்டும் என்று உள்ளுக்குள் அவளைத் திட்டினேன்.

"இல்லை என்று சொல்ல நன்றாகவே தெரிந்திருக்கிறதே," என்றார் நீதிபதி. இப்போது அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. "அப்படியானால் சார்ஜன்டிடம் ஏன் சொல்லவில்லை? கேளுங்கள்."

முதலியார் கேட்டார். பாப்பம்மா தயங்கவில்லை.

"அவங்க கேக்கலீங்க. சொன்னாங்க. நீதான் எடுத்ததுன்னு சொன்னாங்க. பெரியவங்க சொன்னா சரிங்கன்னுதானே சொல்லணும். ஐயா கேட்டீங்க. கேட்டா உள்ளதைச் சொல்லலாமுங்களே."

முதலியார் சிவலிங்கம் இருபது வருஷம் அந்த வேலை பார்த்தவர். அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சிங்களத்தில் சொன்னார். மெதுவாகச் சொன்னார், ஒன்றும் சிந்திவிடக் கூடாது என்பதுபோல.

நீதிபதி சார்ஜன்ட் பக்கம் திரும்பினார். "பிள்ளையிடம் நீர் என்ன சொன்னீர்? அதே தமிழில் சொல்லும்."

சார்ஜன்ட் நேர்மையான மனிதர்தான். யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "நீதான் எடுத்தது."

"அது கேள்வியா?"

"இல்லை, ஐயா."

நீதிபதி பாப்பம்மா பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "மூட்டையை எடுத்தாயா என்று இதுவரை வேறு யாராவது உன்னிடம் கேட்டார்களா?"

பாப்பம்மா என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை, அது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் கேட்டது நீதிபதி, அதுவும் கேள்வியாகக் கேட்டிருக்கிறார்.

"இல்லைங்க. யாருமே கேக்கலீங்க."

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. சாப்பிடச் சொன்னேன், குளிக்கச் சொன்னேன், அழச் சொன்னேன், ஒத்துக்கொள்ளச் சொன்னேன். எடுத்தாயா என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. மூன்று வாரம் அவளுக்காகப் பேசத் தயாரானவள் நான். அவள் எடுத்திருப்பாள் என்று முடிவுகட்டியவளும் நான்தான். புஹாரி பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலியாரைக் கையமர்த்திவிட்டு, முன்னால் சாய்ந்து, தட்டுத்தடுமாறி அவரே தமிழில் கேட்டார்.

"மகள், நீ... எடுத்ததா?"

"இல்லைங்க."

மாத்தளைக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்ட எத்தனையோ பேர் மணிக்கணக்காக வாதாடி நான் கேட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளை சொன்னது ஒரு சொல். அதில் கெஞ்சல் இல்லை, பயம் இல்லை. கலந்தர் முதலாளி கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திராது. கேட்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் இருக்கிற, "எடுத்தது" என்பதை "எடுத்ததா" ஆக்குகிற அந்தச் சின்ன "ஆ"வை இந்தப் பிள்ளை இத்தனை காலம் தனியாகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கங்காணி சொன்னான், முதலாளி சொன்னார், பொலிஸ் சொன்னது, நானும் சொன்னேன். எல்லோருக்கும் ஒரு "சரிங்க"வைக் கொடுத்துவிட்டு, தன் உண்மையை யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று அதற்கு எப்படித் தெரிந்தது? இன்றுவரை எனக்கு அது பெரிய ஆச்சரியம்தான்.

கொப்பியில் இருந்தது வாக்குமூலம் ஆகாது என்று நீதிபதி எழுதினார். வேறு சாட்சி எதுவும் இல்லை. பத்து நிமிஷத்தில் பாப்பம்மாவை விட்டுவிட்டார்கள். அந்த மூட்டையை யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் முத்துவீரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இரத்தோட்டை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. "வா, தேத்தண்ணி குடி" என்று சொல்ல வாயெடுத்தேன். பழகிய வாய் அல்லவா, திருப்புவது கஷ்டமாக இருந்தது.

"தேத்தண்ணி குடிக்கிறியா?"

பாப்பம்மா நன்றாக யோசித்தாள். "வேணாங்க. பசிக்குதுங்க."

கடையில் ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். அப்பனும் மகளும் பஸ் நிற்கிற இடத்தில் மரத்தடியில் நின்றார்கள். நானும் நின்றேன். இன்னும் நாலு வாரத்தில் கப்பல். இனி இந்தப் பிள்ளையை நான் பார்க்கப் போவதில்லை. கேட்காமல் விட்டால் கேட்காமலே போய்விடும்.

"என் மேல கோவமா, மகள்?"

"சரிங்க" வருமோ என்று பயமாக இருந்தது. அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"ஆமாங்க," என்றாள்.

முத்துவீரன் பதறிப்போய், "ஏய், நோனாகிட்ட..." என்று தொடங்கினான். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். அதற்குள் பஸ் வந்து நின்றது. அப்பன் முதலில் ஏறினான். பாப்பம்மா படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி, கையில் மீந்திருந்த பணிஸைப் பாதியாகப் பிட்டு என் பக்கம் நீட்டினாள்.

"நோனா, சாப்பிடுறீங்களா?"

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.