தோற்கப் போட்ட 137713

இந்தச் சீட்டாட்டத்தில் ஆடுதன், இஸ்பேடு எல்லாம் கணக்கில்லை. சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் எண் உண்டாக்க வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் போட்டதைத் திரும்ப அள்ளிக்கொண்டு அபராதச் சீட்டும் வாங்க வேண்டும். முதலில் கை காலியாகிறவருக்கு வெற்றி.

நகோயாவில் அன்றைய இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே இருந்தவர்கள் அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள். தோற்றவர் ஊரைக் காலி செய்து ஜெயித்தவர் ஊருக்குப் போக வேண்டும் என்பது பந்தயம். கட்டியவள் சிஹோ. "எங்க ஊர் குமமோட்டோவை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்" என்று கிளப் முழுக்க மார்தட்டியவளும் அவளேதான். அதற்கப்புறம் மாப்பிள்ளை கெய்தாவைப் பார்க்க அவன் ஊரான மொரியோகாவுக்குப் போனாள், இடுப்பளவு பனியில் விழுந்து புரண்டாள், ஊர்மேல் பைத்தியமாகிவிட்டாள். ஆனால் சொன்ன சொல்லை விழுங்க வீம்பு விடுமா? கௌரவமாகத் தோற்பது ஒன்றே வழி.

கெய்தாவின் கையில் இரண்டே சீட்டு. உதட்டைப் பிதுக்கி, "பாஸ்" என்றான்.

சிஹோவிடம் இரண்டு ராஜா, இரண்டு ஏழு. ராஜாவுக்குப் பதின்மூன்று. 137137 போட்டால் 7, 11, 13 மூன்றுமே வகுக்கும், தோல்வி நிச்சயம். ஆனால் மூன்றிலக்க எண்ணை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினால் அப்படித்தான் என்பது இந்த அறையில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். வேண்டுமென்றே தோற்றாள் என்று மானம் போய்விடும். கடைசி இரண்டு சீட்டை இடம் மாற்றினாள். 137713. ஏழு வகுக்கவில்லை. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, ஊகூம். இவ்வளவு பெரிய எண்ணுக்குள் எவனாவது ஒளிந்திருக்காமலா போவான்?

"சிஹோ, கம்பளிச் சட்டை வாங்கிட்டியா?" என்று யாரோ சீண்டினார்கள். யோசிக்கும் நேரம் முடிந்து மணி அடித்தது. போட்டுவிட்டாள்.

நடுவர் ஓமோரி கணினியில் தட்டினார். "பகா எண்! சிஹோ ஜெயிச்சாச்சு!"

"இருக்கவே இருக்காது! மறுபடி போட்டுப் பாருங்க சார்!"

கைதட்டல் பாதியில் நின்றது. ஜெயித்தவள் மறுபரிசோதனை கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஏய், நீ தோக்கவா பாத்த?" என்றான் கெய்தா. அவள் முகம் தக்காளியாகச் சிவந்தது. அவன் தன் சீட்டுகளைத் திருப்பிப் போட்டான். நாலும் ஒன்றும். நாற்பத்தொன்று! போன முறையே அவன் ஆட்டத்தை முடித்திருக்கலாம்.

"ஊரை விட்டா செத்துருவேன்னு சொன்னியே. அதான் விட்டுக் குடுத்தேன்."

ஓமோரி தலையில் அடித்துக்கொண்டார். "உருப்படியா தோக்கக்கூடத் தெரியல, இதுங்களுக்குக் கல்யாணம் வேற!"

சிஹோ நாற்காலிமேல் ஏறினாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க! நான் விட்டதெல்லாம் பீலா. எனக்குப் பனி வேணும். நான்தான் மொரியோகாவுக்குப் போறேன்."

"பந்தயப்படி நான்ல வரணும்?"

"பந்தயம் கட்டினவ நான். தூக்கிக் குப்பையில போடறவளும் நான்தான். போடா!"

அறையே கொல்லென்று சிரித்தது. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவள் இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாள். இப்போது எல்லோரையும்விட அவள் சிரிப்புதான் சத்தமாகக் கேட்டது.