மாடு தண்ணீர் குடிக்கும் படம்

சுகிர்தாவுக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு மாடு தண்ணீர் குடிக்க வேண்டும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வகுப்பு, ஒரு வருஷம் டிரெய்னி, அதெல்லாம் ஆகிவிட்டது. மாடு மட்டும்தான் பாக்கி.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சாயக் கம்பெனி, கழிவுநீரைச் சுத்தம் செய்து பின்பக்கக் குட்டையில் விட்டது. சுத்தம் செய்வதாகத்தான் போர்டில் போட்டிருந்தது. அந்தக் குட்டையில் ஒரு மாடு தண்ணீர் குடிக்கிற படம் இந்த வருஷ அறிக்கையின் அட்டையில் வர வேண்டும் என்று சென்னை ஆபீஸ் சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் மேனேஜர் பரசுராமன் யோசித்தார். சுகிர்தாவிடம் நல்ல கேமரா உள்ள போன் இருந்தது. சுகிர்தா வீட்டில் மாடும் இருந்தது. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

“படம் சூப்பரா வரட்டும்மா. திங்கக்கெழம உன் கன்ஃபர்மேஷன்ல கையெழுத்து போட்டுர்றேன்” என்றார். “ஒண்ணு மட்டும். காலைலேர்ந்து மாட்டுக்குத் தண்ணி காட்ட வேணாம்னு உங்கம்மா கிட்ட சொல்லிடு.”

சனிக்கிழமை உச்சி வெயிலில் அம்மா முத்தம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவள் பரசுராமனைவிடப் பத்து வயது மூத்தவள். “வா முத்தம்மா” என்றார் அவர். சுகிர்தா அதை மனசில் குறித்துக்கொண்டாள். அங்கே இந்த மாதிரி நிறைய கிடந்தது.

“பாவம்டி, நாக்க தள்ளிக்கினு வருது” என்றாள் முத்தம்மா.

“நல்லது” என்றார் பரசுராமன்.

நல்ல விலங்குப் படம் எப்படி எடுப்பது என்று அவர் இணையத்தில் படித்துவிட்டு வந்திருந்தார். “கண்ணு ஃபோகஸ்ல இருக்கணும். அதோட ஒசரத்துக்கு நீ எறங்கணும். மேலேர்ந்து எடுத்தா அதுக்கு மரியாத இல்ல. முக்கியமா, இயல்பா அது இன்னா பண்ணுதோ அத்த எடுக்கணும்.”

சுகிர்தா சேற்றில் முட்டி போட்டாள். முட்டி அரித்தது. மாட்டுக்குப் பின்னால் புகைபோக்கி தெரிந்தது. ரிசப்ஷனிலிருந்து தொட்டிப் பனையைத் தூக்கி வந்து மறைத்தார்கள்.

மாடு குட்டையோரம் வந்தது. மூக்கை நீட்டியது. புஸ்ஸென்று ஊதியது. பிறகு தலையைத் திருப்பிப் பரசுராமனைப் பார்த்தது.

“கூச்சப்படுது” என்றார்.

“பொண்ணு பாக்கவா வந்துக்கிறாங்க, கூச்சப்பட?” என்றாள் முத்தம்மா.

தவிடு தூவினார்கள். மிதந்த தவிட்டைக்கூட மாடு நக்கவில்லை. புண்ணாக்கு போட்டார்கள். அது மூழ்கி, கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தபோது வேறு நிறத்தில் இருந்தது.

“சார், கலர் மாறுது.”

“வெயில்மா. வெயில்ல அப்டிதான் தெரியும்.”

கடைசியில் வழி கண்டுபிடித்தது பரசுராமன்தான். கேன்டீனிலிருந்து நீல பிளாஸ்டிக் பேசின் வந்தது. தண்ணீர் விளிம்பில் மண்ணைத் தோண்டி அதை இறக்கினார்கள். ஆபீஸில் குடிக்கிற கேன் தண்ணீரை அதில் ஊற்றினார்கள். மாடு வாயை வைத்தது. எடுக்கவேயில்லை. ஒரு கேன் தீர்ந்து இன்னொரு கேன் வந்தது.

சுகிர்தா எடுத்துத் தள்ளினாள். அதில் ஒன்று அமைந்துவிட்டது. பாதி மூடிய கண், வெள்ளை இமைமயிர், மூக்கு நுனியில் விழப்போகும் ஒரு சொட்டு, தாகம் தணிகிற எதற்கும் இருக்கிற அந்த அமைதி. கீழே நீலமாக பேசினின் விளிம்பு. அவளுக்கே அது பிடித்துப்போனது. அதுதான் ஆத்திரமாக இருந்தது.

“கீழ தெரியிற அந்த நீல பேசின வெட்டிட்டு குரூப்ல போடு.”

“வெட்னா குட்டைல குடிக்கிற மாரி ஆயிடும் சார்.”

“அதுக்குத்தானம்மா வெட்டச் சொல்றது.”

“நீங்க இதுல ஒரு வாய் குடிங்க. வெட்டிர்றேன்.”

பரசுராமன் குட்டையைப் பார்த்தார். “எனக்கு சுகர் இருக்கும்மா.”

சுகிர்தா பேசினோடு படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். சென்னை ஆபீஸ் மொத்தமும் அதில் இருந்தது. பார்க்கட்டும். திட்டுவார்கள், விளக்கம் கேட்பார்கள், என்ன சொல்வதென்று அவள் வரிசையாகத் தயார் செய்தாள். சென்னை சுமலதா மேடத்திடமிருந்து உடனே பதில் வந்தது: “வாவ், அந்தக் கண்ணு! பேசினை மட்டும் கட் பண்ணிடுங்க.” பக்கத்தில் ஒரு கைதட்டல் பொம்மை.

திட்டு வந்திருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். இதற்கு ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை.

“பாத்தியா, மேடமே பாராட்டிட்டாங்க” என்றார் பரசுராமன். “நீ வெட்டலன்னா வேற எவனாவது வெட்டுவான். வேல உனக்கா, அவனுக்கா? நீயே பாத்துக்க.”

அவர் சொன்னது நிஜம். சுகிர்தா போனை எடுத்தாள். வெட்டத்தான் போகிறாள் என்று அவர் நிம்மதியாக நெற்றியைத் துடைத்தார். அவள் குரூப்பில் எல்லோருக்கும் சேர்த்து அழித்தாள். போனில் எடுத்தது அத்தனையும் அழித்தாள். அழித்தது போய்க் கிடக்கிற இடத்திலிருந்தும் அழித்தாள்.

“இன்னா பண்ற நீ?”

“அழிச்சிட்டேன் சார்.”

“திரும்ப எடு! மாட்ட புடி முத்தம்மா!”

“அது வயிறு ரொம்பிடுச்சி சார்” என்றாள் முத்தம்மா. “இனிமே நீங்க கால்ல வுழுந்தாலும் குடிக்காது.”

பரசுராமன் மாட்டின் வயிற்றைப் பார்த்தார். உருண்டையாக இருந்தது. “திங்கக்கெழம நீ வர வேணாம்” என்றார்.

“சரி சார்.”

அம்மாவும் மகளும் மாட்டோடு கம்பெனி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாடு மட்டும் தெம்பாக நடந்தது.

“காலேஜி படிச்ச பொண்ணுக்கு ஒரு பேசின வெட்டத் தெரிலயான்னு உங்கப்பன் கேக்கும்” என்றாள் முத்தம்மா.

“வெட்டத் தெரியும்மா.”

“அது எனக்குத் தெரியும்.” கயிற்றை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். “படத்துல நம்ம மாடு எப்டி இருந்துச்சி?”

“ரொம்ப நல்லா இருந்துச்சி.”

“எனக்காச்சும் ஒருவாட்டி காட்டிட்டு அழிச்சிருக்கலாம்ல?”