கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையாட்டியவர்

1

இந்தக் கதை எனக்குக் கழுத்து வழியாக வந்தது. இருபது வருடம் குனிந்து எழுதியதில் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. கழுத்துக்கும் கைக்கும் ஊரிலேயே கெட்டிக்காரர் என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். அறுபத்தைந்து வயது அம்மா. தாடைக்கு அடியில் ஒரு பட்டையை மாட்டி, கப்பி வழியாக மேலே இழுத்துக் கட்டி, பத்து நிமிடத்துக்கு மணியைத் திருகி வைத்துவிட்டு, "அசையக் கூடாது" என்று போய்விடுவார். டிராக்‌ஷன் என்று பெயர். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட அவருடைய அறை. வேறெதையும் பார்க்க முடியாது.

மூன்றாம் நாள் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. (பெயர் சொல்ல மாட்டேன். நடுவில் கிதார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்குமே, அந்தப் பாட்டு.) அந்த இடம் வருவதற்குள் அம்மா யாருடைய முழங்காலையோ அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடி வந்து ரேடியோவை அணைத்தார்.

"நல்ல இடத்துல நிறுத்திட்டீங்களே" என்றேன் பட்டைக்குள்ளிருந்து.

"அத வாசிச்சது என் தம்பி. பேசி இருபத்திரண்டு வருஷமாச்சு. தலைய ஆட்டாதீங்க."

கழுத்தைக் கட்டிப் போட்டுவிட்டு இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னால் ஓர் எழுத்தாளன் என்ன செய்வான்? மறுநாளும் போனேன். கழுத்துக்காக மட்டும் இல்லை. தம்பியையும் தேடிப் பிடித்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கிதார்க்காரருக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை." (பொய். அன்று காலை அவர் குஷியாக இருந்தார், புதுக் கம்பி மாட்டியிருந்தார். அவரே சொன்னார்.)

"ஒரு கலைஞனின் வாழ்வில் சில தருணங்கள்" (போதும். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு மாற்றிப் போன பக்கத்து வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன ஐந்து கம்பிக் கிதாரில் ஆரம்பித்தவர் அவர். "ஆறாவது கம்பி வாங்கினப்போ, வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்துச்சு. எங்க உக்கார வெக்கிறதுன்னு தெரியல" என்பார். பத்தொன்பது வயதில் ஓட்டல் ஒன்றில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஜாஸ்: ஒரு பியானோ, ஒரு டிரம், இவர். சாப்பிடுகிறவர்கள் தட்டைத்தான் பார்த்தார்கள். பகலில் ஒலிப்பதிவுக் கூடங்கள். சோப்பு விளம்பரம், இருமல் மருந்து, குழந்தைகள் பாட்டு, சினிமாப் பாட்டு, எது கிடைத்தாலும். சுரம் எழுதிய தாளை எதிரில் வைப்பார்கள். ஒரு முறை பார்ப்பார். வாசித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போவார். முப்பத்தைந்து வருடம். எந்த இசைத்தட்டு உறையிலும் அவர் பெயர் இல்லை.

"வருத்தம் இல்லையா?"

"தப்பா வாசிச்சாத்தான் சார் பேர் கேப்பாங்க" என்று சிரித்தார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கதையில் இவரைக் கொஞ்சம் சோகமாகக் காட்ட மிகவும் முயன்றேன். ஆள் ஒத்துழைக்கவில்லை. கூரியர் அலுவலகத்துக்கு மேலே இரண்டு அறை, சுவரில் நான்கு கிதார், ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்துகொண்டு என் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டிக் கிண்டல் செய்தார்.)

3

இரண்டு விஷயம் தெரிந்தால்தான் மேற்கொண்டு போக முடியும்.

ஒன்று, கூடத்தின் சட்டம். சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவு ஓடுகிறது. தும்மல் வந்தாலும் விழுங்க வேண்டியதுதான். "ஒருத்தன் நிறுத்தினா பதினாறு பேரும் முதல்லேருந்து வாசிக்கணும். அதனால கை நிக்காது சார். மனசு நின்னாலும் கை நிக்காது."

இரண்டாவது, ஓட்டலில் அவர் கற்றது. ஜாஸில் விரல் தவறி வேண்டாத சுரம் விழுந்துவிட்டால் பதறக் கூடாது. அடுத்த சுற்றில் வேண்டுமென்றே அதையே இன்னொரு தரம் வாசிக்க வேண்டும். "ரெண்டாவது தடவ வாசிச்சிட்டா அது நம்மளோடது. எந்தத் தப்பையும் நான் ஒருதடவையோட விட்டதில்ல." பெருமையாகச் சொன்னார். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துதான் முதல் மூன்று பிரதிகளைக் கிழித்தேன்.

4

அந்த நாள்.

அவர்கள் இருவரையும் பெற்ற அம்மா ஆஸ்பத்திரியில். ஒரு வாரமாக ஒரு நாள் தேறுவார், ஒரு நாள் படுத்துவிடுவார். அக்கா, அதாவது என் பிசியோதெரபிஸ்ட், பக்கத்திலேயே இருந்தார். அன்று தேறியிருந்த நாள். அதனால்தான் தம்பி வேலைக்குப் போனார். பகல் பதினொன்றரைக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அக்கா தன் கணவரிடம், "ஓடிப்போய் அவனக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அத்தான் ஸ்கூட்டரில் பறந்தார். கூடத்துக்குள் சிவப்பு விளக்கு எரிகிறது. கதவைத் திறக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். கதவில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் பதினாறு பேர், காதில் ஹெட்போன், நான்காவது ஆளாகத் தம்பி, முகம் இந்தப் பக்கம். அத்தான் கையை ஆட்டினார். இரண்டு கையையும் ஆட்டினார்.

அந்த நேரத்தில்தான் நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டிய சுரம் எட்டு எண்ணிக்கை நின்றது. மற்றவர்கள் திகைத்து, டிரம்காரர் சமாளித்து, எல்லோரும் இவரோடு சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் இசையமைப்பாளர், "இதுதான், இதுதான்! இன்னொண்ணு வேண்டாம்" என்று குதித்தாராம். தம்பி அதைக் கேட்க நிற்கவில்லை. கதவைத் திறந்தார், அத்தான் நின்றார், ஓடினார்கள்.

ஐந்து நிமிடம் தாமதம். அம்மா இரண்டு தரம், "வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

[பதிவை வைத்துக்கொண்டு அந்தச் சுரத்திலிருந்து பாட்டின் கடைசி வரை நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து வினாடி. ஆகவே, அவர் அங்கேயே நிறுத்தியிருந்தாலும்... இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். முடித்து வைக்க நான் யார்?]

அன்று சாயங்காலம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரு கையாட்டினத நீ பாத்தியா?"

"பாக்கலக்கா."

அத்தானிடம் கேட்டதற்கு, "பாத்த மாதிரிதான் இருந்துச்சு" என்றார். சாகும் வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கல்யாண வீடுகளில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் அக்கா தன் மகளிடம், "உங்க மாமாவுக்குக் காபி வேணுமான்னு கேளு" என்பார். மாமா, "வேணாம்னு சொல்லு" என்பார். மூன்றடி தூரம்.

5

"பாத்துட்டு வாசிச்சிருந்தா மன்னிக்கவே மாட்டீங்க, இல்லையா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

என் தோளை அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரல் இன்னும் அழுந்தியது. "யாரு சொன்னா? அவன் தொழில் எனக்குத் தெரியாதா? 'பாத்தேன்க்கா, கை நிக்கல'ன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். பாக்கவே இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்றான் பாருங்க. அதான் தாங்கல."

"இத அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"நல்லாருக்கே! நான் சொல்லி அவன் சொன்னா அது எப்படி அவன் சொன்னதாகும்? வாயத் திறக்கக் கூடாது நீங்க."

சத்தியம் செய்தேன். கழுத்து அவர் கையில் இருந்தது.

6

தம்பியிடம் அதற்கு முன்பே ஒரு சத்தியம் செய்திருந்தேன். அதுதான் என் கஷ்டகாலம்.

அன்று அவர் இடது கையைக் காட்டினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக மடங்கி நின்றன. "நரம்பு. ஆறு மாசத்துல சரிபண்ணலன்னா அப்படியே நின்னுரும்னாங்க. நாலு மணி நேரம் பஸ்ல ஒரு டாக்டர்கிட்ட போறேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'உங்க ஊர்லயே ஒரு அம்மா இருக்காங்களே, கைக்கு அவங்கள விட்டா ஆளில்ல'ன்னாரு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வாசிக்காவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார்?

"போக வேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னேன். மூன்று விரலில் வாசித்தார். அந்த இடம் வந்தது. நான்கு எண்ணிக்கை, நகர்ந்துவிட்டார்.

"அத இழுக்கலையே?"

"மேடையில எங்கயும் இழுத்ததில்ல. ஜனங்க சண்ட போடுவாங்க. மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தத் தவறையும் இரண்டாம் தரம் வாசித்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் ஒரு தரத்தோடு விட்டுவிட்டார். கேட்டேன். "பாத்தீங்களா?"

அவர் சொன்னது: [                    ]

"எழுதுங்க சார், என்ன வேணும்னாலும் எழுதுங்க. இத மட்டும் எழுதாதீங்க. அக்கா தாங்க மாட்டா."

இப்படியாக, ஒருவருக்கொருவர் தெரிய வேண்டிய இரண்டு வாக்கியங்களும் என்னிடம் மாட்டிக்கொண்டன. இரண்டையும் சொல்ல முடியாது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருந்தால் சொல்லுங்கள்.

7

முடிவு ஒன்று: பாராட்டு விழா. கடைசி வரிசையில் அக்கா. மேடையில் தம்பி அந்தச் சுரத்தை எட்டு எண்ணிக்கை இழுக்கிறார். அக்கா கண்ணைத் துடை (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: விரல்கள் நின்றுபோகின்றன. தாமதமாகத் தெரிந்துகொண்ட அக்கா (இதையும் அடித்துவிட்டேன். இதை நடக்க விட்டால் நான் மனுஷனே இல்லை.)

ஆகவே கதைக்குள் நானே நுழைந்தேன். இலக்கணப்படி தப்பு. போகட்டும்.

8

பட்டையை மாட்டி அக்கா மணியைத் திருகியதும் சொன்னேன். "ரெண்டு விஷயம். ரெண்டுக்கும் நான் யாருக்கும் சத்தியம் பண்ணல. அந்தப் பாட்டுல அந்த சுரத்த உங்க தம்பி அதுக்கப்புறம் எங்கயும் இழுத்ததே இல்ல. ஒரு தடவகூட."

"ஏனாம்?"

"அவரத்தான் கேக்கணும். இன்னொண்ணு, அவரோட இடது கையில ரெண்டு விரல் மடங்கிருச்சு. நாலு மணி நேரம் பஸ்ல போயி வைத்தியம் பாக்குறாரு."

அக்காவின் முகம் மாறியது. "எந்த விரல்?"

சொன்னேன். "அறிவுகெட்டவன்" என்றார். என்னை அப்படியே தொங்கவிட்டுவிட்டு அறைக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குக் கேட்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது. போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வெகுநேரம் மணி போயிருக்க வேண்டும். பிறகு அவர் உதடு அசைந்தது. முதல் வார்த்தையை நானே படித்துவிட்டேன்.

அக்கா: சாப்டியா?

தம்பி: [                    ]

அக்கா: [                    ]

தம்பி: [                    ]

இந்த இடங்களை நான் நிரப்ப மாட்டேன். என்னால் முடியாது என்பதல்ல, அங்கே எனக்கு வேலை இல்லை. உங்களிடம் பேனா இருந்தால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். அவர் பார்த்தேன் என்றாரோ, பாக்கல என்றே சாதித்தாரோ, நான் கண்டது இதுதான்: அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டார்.

என் பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தது. யாரும் வரவில்லை. தாடை வலித்தது. கையை ஆட்டினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். அக்கா நிமிர்ந்து கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனில் பேசினார்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. "நாளைக்கு இந்த நேரத்துக்கு வேற ஆள் வருது. நீங்க சாயங்காலமா வாங்க" என்று பட்டையின் கொக்கியில் கை வைத்தார்.

"அவ்வளவு நேரம் கையாட்டினேன், நீங்க பாட்டுக்குப் பேசிட்டிருந்தீங்களே?"

"கையாட்டினீங்களா? நான் பாக்கவே இல்லையே."

சொல்லி முடித்ததும் கொக்கியில் இருந்த அவர் கை அப்படியே நின்றது.