ஐம்பத்திரண்டு தட்டுகள்

எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. அடுப்பில் பால் இருக்கும்போது மனசு பக்கெட்டில் ஊறுகிற துணியில் இருக்கும். துணியில் கை வைத்தால், விழுப்புரம் ரயிலைப் பிடிக்க ஓடுகிற வீட்டுக்காரரின் டிபன் பாக்ஸில் போய் நிற்கும். இப்படிப்பட்டவளுக்குத்தான் கடவுள் பார்த்துப் பார்த்து வெண்ணிலாவைக் கொடுத்தார். ஏழு வயது. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள்.

அவள் பிடித்துக்கொண்ட விஷயம் கணக்கு. பள்ளிக்கூடத்துக் கணக்கைச் சொல்லவில்லை, அதை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவாள். வீட்டில் கிடக்கிற சாமான்களில் இருந்து கணக்கை நோண்டி எடுப்பதுதான் அவளுக்கு விளையாட்டு. வாசலில் கிடக்கும் செருப்பு, கொடியில் தொங்கும் கிளிப்பு, தோசையில் விழும் ஓட்டை எதையும் விட்டுவைக்க மாட்டாள்.

கணக்குப் பிடிக்கிற பிள்ளையை என்ன செய்வது என்று போனில் தேடியபோது ஒரு டீச்சரம்மா பேசிய வீடியோ வந்தது. ‘சபாஷ்’ என்றும் சொல்லாதீர்கள், ‘தப்பு’ என்றும் சொல்லாதீர்கள், ‘எப்படி?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காது கொடுங்கள் என்றார் அந்தம்மா. நான் பத்தாவதில் கணக்குப் பாடத்தில் தட்டுத் தடுமாறிக் கரை ஏறியவள், இப்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். சொல்லிக்கொடுக்க என்னிடம் சரக்கு இல்லை. கேட்க மட்டும்தானே சொல்கிறார்கள், காசா பணமா என்று ஆரம்பித்தேன். ‘எப்படி?’ என்று கேட்டால் குழம்பு அடிபிடிக்கிற வரைக்கும் பதில் வரும் என்று அந்தம்மா சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த வேர்க்கடலைப் பருப்பை இரண்டு குவியலாக்கி, ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டே வந்தாள் வெண்ணிலா. ஜோடி கிடைக்காமல் மிஞ்சுகிற பருப்புக்கு அவள் வைத்த பெயர் ‘ஒண்டி’.

“அம்மா, இந்தக் குமியில ஒரு ஒண்டி. அந்தக் குமியில ஒரு ஒண்டி. ரெண்டையும் ஒண்ணா கொட்டுனா ஒண்டியே கிடையாது.”

“எப்படி?” என்றேன், ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு.

“ரெண்டு ஒண்டியும் ஜோடி சேந்துக்குதுல்ல? எவ்ளோ கொட்டுனாலும் அப்படித்தான். நூறு மூட்டை கொட்டுனாலும்.”

“நூறு மூட்டையை எண்ணிப் பாத்தியா நீ?”

“எண்ணவே வாணாம்மா!” என்று கை கொட்டிச் சிரித்தாள். “அதான் ஜாலியே.”

அன்றைக்கு அடுப்பு, துணி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எண்ணிப் பார்க்காமலே ஒன்றை இத்தனை உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியும் என்று என் ஆயுசில் எனக்கு யாரும் சொன்னதில்லை. பெருமையாக இருந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. இந்த ஆசை யார் கை பட்டாவது வாடிப்போய்விடக் கூடாதே என்று அடித்துக்கொண்டது மனசு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் போதும்.

வீட்டுக்காரர் பிரவீன்குமாருக்கும் பெருமை உண்டு, ஆனால் அது வேறு ஜாதிப் பெருமை. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள், “எம்பொண்ணை எதுனா கணக்கு கேளுங்க” என்பார். சர்க்கஸ் காட்டாதீங்க என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

போன தை மாதம் நாத்தனார் இளவரசியின் மகள் ஆர்த்திக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள், விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில். ஆர்த்திக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர். மூத்தவர் கெடாரில் பயிர் வைக்கிற பச்சைமுத்து மாமா, இளையவர் என் வீட்டுக்காரர். மூத்தவர் வீட்டுச் சீர் முப்பத்தொரு தட்டு, எங்கள் சீர் இருபத்தொன்று. வரிசைத் தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், அதுதான் மங்கலம். இதில் எந்த வீடும் தப்புச் செய்யாது, நாங்களும் செய்யவில்லை.

மேளத்தோடு தட்டுகளைக் கொண்டுபோய் மேடைக்கு முன்னால் பரப்பினோம். பழம், பூ, புடவை, வளையல், ஜிலேபி, சாக்லேட் கோபுரம் எல்லாம் ஒரே வரிசையாகிவிட்டன. எது அவர்கள் தட்டு, எது எங்கள் தட்டு என்று தெரியவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. தட்டுக்குத் தட்டு போய்க் கண்ணாடித் தாளை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். இளவரசியின் மாமனார் சுப்பராயலு மைக்கைப் பிடித்தார்.

“மூத்த மாமன் முப்பத்தொண்ணு, இளைய மாமன் இருபத்தொண்ணு. ரெண்டு பேருக்கும் எங்க வீட்டு சார்பா நன்றிங்க.”

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி என் வீட்டுக்காரர்தான்.

“மொத்தம் எவ்ளோன்னு எம்பொண்ணைக் கேளுங்க மாமா. மெஷின் மாதிரி சொல்லுவா.”

சுப்பராயலு சிரித்துக்கொண்டே மைக்கை வெண்ணிலாவின் வாய்க்கு நேராக நீட்டினார். “சொல்லு கண்ணு, மொத்தம் எவ்ளோ?”

“அம்பத்திரெண்டு!”

மண்டபமே கை தட்டியது. தட்டி முடிப்பதற்குள் அவள் சந்தோஷமாக அடுத்ததையும் சொன்னாள். “ரெட்டப்படை தாத்தா!”

கை தட்டல் பாதியில் நின்றது. சுப்பராயலுவின் சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. “அது எப்படிம்மா? ரெண்டு மாமனும் ஒத்தப்படையாத்தானே கொண்டாந்தாங்க?”

பெரியவர் அதை வாயடைக்கக் கேட்டார். ஆனால் எங்கள் வீட்டில் ‘எப்படி?’ என்றால் பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பழக்கியது நான்தான். வெண்ணிலா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பெரியப்பாகிட்ட ஒரு ஒண்டித் தட்டு மிஞ்சுது. அப்பாகிட்டயும் ஒரு ஒண்டி. அது ரெண்டும் ஜோடி சேந்துக்கும். எவ்ளோ தட்டு கொண்டாந்தாலும் ரெட்டப்படைதான் வரும் தாத்தா. மாத்தவே முடியாது!”

‘மாத்தவே முடியாது’ ஸ்பீக்கர் பெட்டி வழியாகப் பந்தி நடக்கிற கூடம் வரைக்கும் போனது.

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். ஒரு தட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார் ஒருவர். யார் தட்டை எடுப்பது?

“நாங்க மூத்தவங்க. எங்க சீருல கை வைக்கிற வேலை வாணாம்” என்றாள் என் ஓரகத்தி அம்சா. “சின்னவங்கதான் ஒண்ணைக் குறைச்சிக்கணும்.”

“அப்ப நாங்க இருபதா கொண்டாந்தோம்? ரெட்டப்படையிலயா?” என்று என் வீட்டுக்காரர் எகிறினார்.

“கூட ஒண்ணு வைங்கப்பா” என்றது ஒரு குரல்.

“கூட வச்சாலும் அதேதான்” என்று வெண்ணிலா உதவிக்கு வந்தாள். “யார் வைக்கிறாங்களோ அவங்க ரெட்டப்படை ஆயிடுவாங்க.”

நான் ஓடிப்போய் அவளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டேன். அதற்குள் மேடையில் இருந்து இளவரசி இறங்கி வந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, ஏறாத கோயிலெல்லாம் ஏறிப் பெற்ற ஒரே பிள்ளை ஆர்த்தி. இளவரசியின் முகத்தில் இருந்தது பயம்.

“நல்ல நாள் அதுவுமா மைக்ல இப்படி ஒரு வார்த்தை வரலாமா இசை?” என்றாள். புடவைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சுப்பராயலு வழி கண்டுபிடித்தார். “இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிக்கினு? சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லிட்டா தோஷம் போச்சு. பாப்பா, அம்பத்தொண்ணுன்னு சொல்லு.”

“இல்ல தாத்தா, அம்பத்திரெண்டு.”

“தெரியும்மா. சும்மா சொல்லு.”

“சும்மா எப்படிச் சொல்றது?” என்று நிஜமாகவே கேட்டாள் வெண்ணிலா.

அம்சா என்னைப் பார்த்து, “நல்லா வளத்து வச்சிருக்கே” என்றாள். வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். “சொல்லச் சொல்லேன் இசை. ஒரு நம்பர்தானே? அக்கா அழுவுறா பாரு.”

ஒரு நம்பர்தான். சொல்லிவிடு கண்ணு என்றால் முடிந்தது, பஸ்ஸில் போகும்போது பெரியவர்கள் சமாச்சாரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நாக்கு நுனி வரை வந்தது. முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன். சொல்லென்றும் வாய் வரவில்லை, சொல்லாதே என்றும் வரவில்லை. வெண்ணிலா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். குவியலில் ஒண்டி இருக்கிறதா என்று மல்லாட்டையைப் பார்ப்பாளே, அப்படி நிதானமாகப் பார்த்தாள். பிறகு மைக்கின் பக்கம் திரும்பினாள்.

“அம்பத்தொண்ணு.”

மண்டபத்துக்கு உயிர் வந்தது. கை தட்டினார்கள். இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். “சின்னப் புள்ளதானே, தப்பா எண்ணிடுச்சி” என்று சிரித்தார்கள். யாரோ கையில் ஒரு ஜிலேபி வைத்தார்கள். அதைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள் வெண்ணிலா. ஒருமுறை தட்டு வரிசையைப் பார்த்தாள். உடனே வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எண்ணக் கூடிய ஒன்றைப் பார்த்து என் பிள்ளை முகம் திருப்பி நான் பார்த்ததே இல்லை. அடுத்தது என்ன என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். சுப்பராயலுவின் கையில் இருந்த மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் அம்சா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“அம்பத்திரெண்டுங்க” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. “எம்பொண்ணு தப்பா எண்ணல. மொதல்ல சொன்னதுதான் சரி. ஆர்த்தியும் எனக்குப் பொண்ணுதான் அண்ணி, அவளுக்கு ஒரு குறையும் வராது. அதுக்காக அம்பத்திரெண்டு அம்பத்தொண்ணு ஆவாது.”

மேளக்காரர் கூட மேளத்தில் இருந்து கையை எடுத்துவிட்டார். ஆர்த்தி மட்டும் கழுத்து மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். இளவரசி என்னைப் பார்க்காமல் மேடைக்குத் திரும்பிப் போனாள்.

சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணினோம். கிளம்பும்போது இளவரசி குங்குமச் சிமிழை நீட்டினாள், வாங்க என்றும் இல்லை, போங்க என்றும் இல்லை. செய்தது சரி என்று உள்ளுக்குள் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கையில் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

திண்டிவனம் பஸ்ஸில் எங்களை ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். நடுவில் அவர் அக்கா போன் பண்ணினாள். “ம்... ம்... பேசுறேன்க்கா” என்று வைத்துவிட்டார். விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது. ரோட்டில் அத்தனை வண்டி போகிறது, வெண்ணிலா ஒன்றையும் எண்ணவில்லை. அவள் சும்மா இருக்க இருக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையைத் திறந்தேன், மூடினேன், அவள் பூவைச் சரி செய்தேன்.

கடைசியில் கேட்டுவிட்டேன். “ஏன்டா அம்பத்தொண்ணுன்னு சொன்னே?”

“நீ அழுவுற மாதிரி இருந்தேம்மா.”

நான் அழவில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்ல முடியவில்லை, அப்போது அழுதுகொண்டிருந்தேன்.

“இனிமே எனக்காக அப்படிச் சொல்லாத கண்ணு. நான் அழுதாலும் சொல்லாத. தெரிஞ்சுதா?”

தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரில் ஒரு கரும்பு லாரி போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது.

“அம்மா, மூணாவதா ஒரு மாமா இருந்து அவரும் தட்டு கொண்டாந்திருந்தா அத்தை அழுதிருக்க மாட்டாங்க.”

“ஏன்?”

“ரெண்டு ஒண்டி ஜோடி சேந்துட்டாலும் மூணாவது ஒண்டி தனியா நிக்கும்ல? ஒத்தப்படை ஆயிடும்.”

அவள் மூன்று விரலை நீட்டி என் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

முன் சீட்டில் வீட்டுக்காரர் அசையாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, கோபம் முழுசாக ஆறாத குரலில் கேட்டார்.

“நாலு மாமன் இருந்தா?”

வெண்ணிலா என் பிடியில் இருந்து கையை உருவிக்கொண்டு, சீட்டுக் கம்பியைப் பிடித்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.