ஓரத்தில் நிற்கும் அண்ணி

சின்னவளுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணி. அந்த அண்ணியைக் கத்திரிக்காய் ஆக்கிய பாவம் அவளையே சேரும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குடும்பம் மொத்தமும் அப்பா வீட்டு ஹாலில் கூடியபோது, தன் புது டிஜிட்டல் கேமராவில் ஒரு பழைய வைட் லென்ஸை மாட்டிப் படம் எடுத்தாள். ஃபிலிம் காலத்தில் பிறந்த லென்ஸ் அது. டிஜிட்டலில் மாட்டினால் படத்தின் இரண்டு ஓரத்திலும் ஊதாவை அப்பிவிடும். அந்த ரகக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது, பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதனால் எடுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. அண்ணியோ ஆஸ்பத்திரி நர்ஸ். எங்கேயும் கடைசியாகத்தான் வந்து சேருவாள், கடைசியாக வருபவளுக்கு ஓரம்தான் மிஞ்சும். படத்தில் எல்லோரும் மனிதர்களாக இருக்க, அண்ணி மட்டும் ஊதா நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்டாட்டி கத்திரிக்கா மாதிரி இல்ல?" என்று அண்ணன்தான் ஆரம்பித்து வைத்தான். சின்னவள் கம்ப்யூட்டரில் நிறத்தைச் சரி செய்வதற்குள் படம் எல்லோர் போனிலும் ஏறிவிட்டது. அன்றைக்கு அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவள் நின்றதில்லை. கேமராவை எடுத்தாலே, "நீங்க எடுங்க, நான் காபி போடுறேன்" என்று நழுவிவிடுவாள். அவள் நழுவும் ஒவ்வொரு தடவையும் சின்னவளுக்கு மனசு சுருக்கென்றது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எல்லோரும் கூடியிருந்தார்கள். தம்பி குடும்பத்துக்கு ஐந்து மணிக்கு ரயில். அதற்குள் அண்ணி நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்தே தீருவது என்று சின்னவள் காலையிலேயே வந்து இறங்கினாள், இரண்டு லென்ஸோடு.

பதினேழு பேருக்குப் பதிலாக ஹாலில் நாற்காலிகளையும் வாளிகளையும் வரிசையாக அடுக்கினாள். வலது கோடியில், அண்ணி நிற்கப்போகும் இடத்தில், ஒரு துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். தெரிந்த கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்த புது லென்ஸை முதலில் மாட்டினாள். நிறம் சுத்தமாக வந்தது. ஆனால் அகலம் பத்தாமல், இந்தக் கோடியில் ஒரு வாளியும் அந்தக் கோடியில் துடைப்பமும் காணாமல் போயின. பின்னால் நகரலாம் என்றால் முதுகில் சுவர்.

"அப்போ பழசுதான் கதி," என்றாள்.

அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். பல் செட்டைத் தேய்த்துச் சீராக்கும் சின்ன மெஷினால் பழைய லென்ஸின் பின்பக்க வளையத்தில் ஆறு குழிகள் போட்டு வைத்திருந்தாள். எந்த லென்ஸுக்கு எந்த வரிசை என்று சொல்லும் அட்டவணை ஒன்றைப் பார்த்து, சில குழியில் கருப்புப் பெயின்ட், சில குழியில் வெள்ளை. அதைப் படித்துத்தான் கேமரா 'ஓ, இன்ன லென்ஸா' என்று புரிந்துகொண்டு, ஓரத்து ஊதாவைத் தானாகவே கழுவிவிடும். வெள்ளைக்கு அவள் வைத்தது சாட்சாத் பல் செட் பசைதான்.

லென்ஸை மாட்டி ஒரு படம் எடுத்தாள். ஹால் மொத்தமும் வந்தது, துடைப்பமும் வந்தது. பச்சைப் பசேலென்று வந்தது.

"கத்திரிக்கா போயி கொத்தமல்லி வந்துருச்சா!" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வாய மூடு அண்ணா. இல்லேன்னா உனக்கும் ஒரு செட்டு பல்லு கட்ட வேண்டியிருக்கும்."

மூன்று மணிக்கு அண்ணி வந்தாள், யூனிஃபார்மோடு. நேரே அடுப்படிக்குப் போனவள், சாப்பாட்டு மேஜையில் லென்ஸை வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றாள்.

"என்னடி ஆச்சு?"

சின்னவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி வளையத்தையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இடது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கு. நீ எங்கேருந்து ஆரம்பிச்சே?"

"இதோ, இடதுலேருந்துதான்."

"இது யாரோட இடது?"

சின்னவள் வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். "லென்ஸோட இடது. பல் செட்டுல எப்பவும் பேஷண்டோட இடதுதானே கணக்கு."

"சரியாப் போச்சு! லென்ஸ் என்ன வாயத் தொறந்துக்கிட்டு உன் எதிர்ல உக்காந்திருக்கிற பேஷண்டா? நம்ம பக்கத்து இடதுடி இது. வரிசை தலைகீழாப் போயி, கேமரா வேற ஏதோ லென்ஸுன்னு நெனச்சுக் கழுவியிருக்கு. நீ மட்டுமில்ல, நானும் இப்படித்தான். இருபது வருஷமா பேஷண்டோட இடது கையில ஊசி போட்டுப் போட்டு, செருப்பு கூட எந்தக் கால்னு யோசிச்சுத்தான் போடுறேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். சின்னவள் ஊசியால் குழிகளைச் சுரண்டினாள், அண்ணி பஞ்சால் துடைத்தாள். வரிசையைத் திருப்பிப் போட்டு, தலை உலர்த்தும் மெஷினால் காய வைத்தபோது மணி மூன்றே முக்கால்.

"அண்ணி, ஒரே ஒரு தடவ அந்த ஓரத்துல நில்லுங்களேன்."

"ஏன், துடைப்பம் போதாதா?" அண்ணியின் குரலில் சிரிப்பு இல்லை.

"துடைப்பத்துக்காகவா நான் இவ்வளவு பாடுபட்டேன்?"

அண்ணி போய்த் துடைப்பத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நின்றாள். கேமராத் திரையில் சின்னவள் படத்தைப் பெரிதாக்கினாள். களைத்த முகம், சட்டைப் பையில் பேனா, பேனா கசிந்த கறை. எல்லாம் அதனதன் நிறத்தில் இருந்தன.

"அட, நான்தான்!" என்றாள் அண்ணி.

பதினேழு பேரும் வந்து நின்றார்கள். அப்பா தன் நாற்காலியை நகர்த்தி, "நடுவுல வாம்மா," என்று மருமகளைக் கூப்பிட்டார்.

"வேண்டாம் மாமா, இது என் இடம்," என்றவள் எதிர்க் கோடியைக் காட்டினாள். "அங்க இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கே. அது யாருக்கு?"

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"எடுக்கிறவளுக்குத்தான். இந்த வீட்டுல ஒரு படத்துலயாவது இவ இருக்காளா? டைமரப் போட்டுட்டு ஓடி வாடி!"

சின்னவள் டைமரை அழுத்திவிட்டு ஓடினாள். வாளி ஒன்று குறுக்கே கிடந்தது. படத்தில் ஒரு கோடியில் அண்ணி பளிச்சென்று நிற்கிறாள். மறு கோடியில் சின்னவள் கருப்புப் பெயின்ட் அப்பிய கையை வீசிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, பாதி விழுந்த நிலையில் இருக்கிறாள்.

அண்ணி கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இத பெருசா பிரிண்ட் போட்டுக் குடு," என்றாள். "எங்க வீட்டு ஹால்ல மாட்டணும்."