ஐந்து நட்சத்திர இரங்கல்

கேட்டருகே நின்றவரைப் பார்த்ததும் அமலநாதனுக்கு முதலில் தோன்றியது, இந்த ஆளின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் தன் மனைவி ஜெபமாலை சொல்லியிருக்கிறாளே என்பதுதான். மொட்டையடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. மற்றபடி அதே புருஷோத்தமன். அதே நீலச் சட்டை, தோளில் அதே கருவிப் பை.

"சார், நல்லா இருக்கீங்களா?"

அமலநாதன் கேட்டின் கொண்டியைப் பிடித்தபடியே நின்றார். "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை அவ்வளவு அக்கறையோடு அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"நான் இருக்கேன் சார். ஊர்லதான் நான் இல்லன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

செருப்பை வாசலில் விட்டு, குழாயில் கால் கழுவிக்கொண்டு புருஷோத்தமன் உள்ளே வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார். முத்தியால்பேட்டையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களுக்கு சர்வீஸ் செய்யும் கடை வைத்திருக்கிறார். அமலநாதன் வீட்டு மெஷினுக்கு ஃபில்டர் மாற்றுவதும் அவர்தான். போன மாதம் அவர் இறந்துவிட்டதாக அமலநாதன் முடிவு செய்திருந்தார். முடிவு செய்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் நடந்து போகும்போது அந்தக் கடையின் ஷட்டர் மூடியிருப்பதைப் பார்த்தார். ஷட்டரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மேல்பாதி மழையில் நைந்து உரிந்து தொங்கியது. இடது பக்கத்தில் டியூஷன் சென்டர் விளம்பரம் ஒன்றை எவனோ அதன் மேலேயே ஒட்டியிருந்தான். மிச்சம் தெரிந்தது அரை மீசையும், மாலை படம் போட்ட ஓரமும், அடியில் கொட்டை எழுத்தில் 'புருஷோத்தமன், ஆர்.ஓ. சர்வீஸ்' என்பதும். இறந்தவரின் போஸ்டரை மகன் கடையிலும் மருமகன் கடையிலும் ஒட்டுவதும், அடியில் அவர்கள் பெயரைப் போடுவதும் இந்த ஊரில் வழக்கம். அமலநாதனுக்கும் அது தெரியும். நின்று யோசித்திருந்தால் நினைவுக்கு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. 'இந்த இடம் இன்னும் இயங்குகிறதா?' என்று மேப் கேட்டது.

மேப் கேட்டால் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டு வந்த எந்தத் தாளையும் பதில் எழுதாமல் மேஜையில் தங்கவிடாதவர் என்று பெயர் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு அவரைக் கேள்வி கேட்க யாரும் இல்லாதபோது மேப் கேட்கத் தொடங்கியது. இந்தக் கிளினிக்கில் சக்கர நாற்காலி போகுமா? இந்த பேக்கரி ஞாயிற்றுக்கிழமை உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பெஞ்சு குறைவு, கழிப்பறை சுத்தம், பில் கேட்டால்தான் தருகிறார்கள் என்று நல்ல தமிழில் விமர்சனமும் எழுதினார். அவர் போட்ட படங்களை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று மாதாமாதம் மெயில் வரும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரிடம் அதைக் காட்டுவார்.

அன்றும் பதில் சொன்னார். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதைத் தொட்டார். கீழே ஐந்து நட்சத்திரம் கொடுத்து, மனம் கனத்திருந்ததால் நாலு வரியும் எழுதினார். வீட்டுக்கு வந்து மனைவி பெர்னதெத்திடம் சொன்னார். நவம்பர் மாதம், ஆன்மாக்களுக்காக வேண்டும் மாதம் என்பதால் அவள் அன்றிரவு ஜெபமாலையில் புருஷோத்தமனையும் சேர்த்துக்கொண்டாள்.

"அப்பா தவறிட்டாரு சார்," என்றார் புருஷோத்தமன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. "விக்கிரவாண்டி பக்கம், சொந்த ஊர்ல. மூத்த புள்ள நான்தான். காரியம் முடிச்சி, அம்மாவக் கொஞ்சம் தேத்திட்டு வந்து கடையத் தொறந்தா போனே அடிக்கல. சரி, ஊருக்குப் போயிருந்தப்ப எடுக்கலன்னு கோவிச்சிக்கினாங்க போலன்னு இருந்தேன். ஒருத்தர் மட்டும் அடிச்சாரு. அடிச்சி, அவரு போயிட்டாராமே, நீங்க அவரு தம்பியான்னு கேக்கறாரு."

அமலநாதன் தன் சட்டைப் பையிலிருந்த செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்புறம் சேதராப்பட்டுல ஒரு கம்பெனி கேன்டீன்காரர்தான் சொன்னாரு, மேப்புல போய்ப் பாருன்னு. பாருங்க சார்."

செல்போனை நீட்டினார். கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அந்த இரண்டு சொற்கள். அமலநாதன் முதல்முறை பார்ப்பவரைப் போலக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு வர்ற வேலையில முக்காவாசி இதப் பாத்துட்டுதான் சார். வாடகைக்கு வர்ற பசங்க, கம்பெனிக்காரங்க, எல்லாம் தேடிட்டுதான் கூப்பிடறாங்க. என்னையத் தேடினா செத்துட்டேன்னு சொல்லுது. அடுத்த கடைக்குப் போயிடறாங்க. முக்குல ஜெராக்ஸ் கடைலதான் சொன்னாங்க, மேப்புன்னா அமலநாதன் சார், கோயில் பூசை நேரம் மாறினாகூட அவருதான் மாத்துவாருன்னு."

"பாக்கலாம்," என்றார் அமலநாதன்.

"இதயும் பாருங்க. எழுதியிருக்கறது யாரோ லினெட்டாம்."

சமையலறையில் டம்ளர் கழுவும் சத்தம் நின்றது.

லினெட் அவர்களுடைய ஒரே மகள். வெளிநாட்டில், துலூஸ் நகரில் வேலை. கிளம்பும்போது தன் பழைய செல்போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதிலிருந்த அவளுடைய கணக்கை மாற்ற அவருக்குத் தெரியவில்லை, பிறகு தேவையும் தோன்றவில்லை. பாராட்டு மெயில்கள் எல்லாம் 'வாழ்த்துக்கள் லினெட்' என்றுதான் வரும். அவர் எழுதிய ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் ஒரு பச்சை வட்டமும், அதற்குள் முதல் எழுத்தும், பக்கத்தில் மகளின் பெயரும் இருந்தன. புருஷோத்தமனுக்கு இந்த வீட்டில் சாரையும் மேடத்தையும் தெரியும். மகள் பெயர் தெரியாது.

பெர்னதெத் காபியோடு வந்தாள். புருஷோத்தமனை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணால் கண்ட பிறகும் நம்பாதவளைப் போல டம்ளரை அவர் கையில் கொடுத்து, விரல் பட்டதும்தான் விட்டாள்.

"என்னமோ பேர் சொன்னீங்களே?"

"லினெட்டாம் மேடம்."

"நல்ல பேரா இருக்குதே."

"பேரு நல்லாத்தான் இருக்குது. புத்திதான்."

"வளர்ப்பு சரியில்ல," என்றாள் பெர்னதெத், கணவரைப் பார்த்து. "அப்பன்காரன் எப்படியோ."

அமலநாதன் தன் செல்போனை எடுத்து, திரை வெளியே தெரியாதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டார். விமர்சனத்தைத் திறந்தார். 'நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றார். கடை இயங்குகிறது என்று திருத்தமும் அனுப்பினார். "ரிப்போர்ட் பண்ணியிருக்கேன். இப்ப பாருங்க," என்றார். அந்த வாக்கியத்தில் பொய் என்று எதையும் தனியாகச் சுட்டிக்காட்ட முடியாது. அதுவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

புருஷோத்தமன் தன் செல்போனில் பார்த்தார். இரங்கல் போயிருந்தது. சிவப்பு எழுத்து மட்டும் இன்னும் இருந்தது.

"அது மாற ரெண்டு நாள் ஆகும்."

"இதுவே போதும் சார்." புருஷோத்தமன் எழுந்து நின்று கும்பிட்டார். "மச்சானும் நானும் ஒரு வாரமா முட்டி மோதினோம். சார் கை வச்சதும் போயிடுச்சி. நீங்க தெய்வம் மாதிரி." காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பையை எடுத்தார். "மெஷின் எப்படி ஓடுது? மெல்லமாத்தான் வருமே இந்நேரம். நானே மாத்திட்டுப் போறேன். காசு கீசுன்னு பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் சமையலறைக்குள் போனார். கூடத்தில் இவர்கள் இருவரும்.

"சொல்லப் போறீங்களா, நான் சொல்லட்டுமா?"

"அழிச்சாச்சி. திருத்தியாச்சி. விடு."

"எம்பொண்ணு பேர எம்வீட்லயே வந்து திட்டிட்டு ஃபில்டர் மாத்திக்கினு இருக்காரு அந்த மனுஷன். ஓசியில."

"அவருக்குத் தெரியாதில்ல."

"அவருக்குத் தெரியாது," என்று ஒப்புக்கொண்டாள் பெர்னதெத். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பார்வையை அமலநாதன் தாங்கிப் பழகவில்லை. செய்தித்தாளை எடுத்தார். காலையிலேயே படித்து முடித்தது.

உள்ளேயிருந்து புருஷோத்தமனின் குரல் வந்தது. "சார், இன்னொரு உதவி. மேடம் இருக்காங்களேன்னு பாத்தேன். அவங்களும் கேக்கட்டும், பரவால்ல." ஸ்பேனரோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். "எங்க வீட்ல சரிதா எங்கிட்ட பேசறதில்ல. சோத்தப் போட்டு மூடி வச்சிட்டுப் போயிடுது."

"ஏன்?" என்றாள் பெர்னதெத்.

"அந்த லினெட் எழுதினதால தான். சரிதாவோட அக்கா அதப் போட்டோ புடிச்சி அனுப்பியிருக்கு. இருங்க, படிக்கறேன்." ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவரைப் போல மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "மிக நேர்மையான மனிதர். எங்கள் வீட்டிற்கு வரும்போதெல்லாம் செருப்பை வாசலிலேயே விட்டு, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். சிரித்த முகம். இனி அவர் வரமாட்டார் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது."

செல்போனைத் தாழ்த்தினார்.

"இதப் படிச்சா எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது? எந்த வீட்டுக்குய்யா கால் கழுவிக்கினு போன, எவ அவ, உனக்காக அழுதுக்கினு இருக்கான்னு கேக்குது. அப்பா போன துக்கமே ஆறல சார். நான் ஆயிரம் வீட்டுக்குப் போறேன். எல்லா வீட்லயும் கால் கழுவிட்டுத்தான் போறேன். எந்த வீடுன்னு சொல்லுவேன்?"

அமலநாதன் தன் தமிழை முதல்முறையாக வெறுத்தார். எழுதியபோது கடைசி வரி நன்றாக வந்திருப்பதாக நினைத்திருந்தார். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பதிவிட்டார்.

"அதனால அந்த லினெட்டக் கண்டுபிடிக்கணும் சார். உங்களுக்குத்தான் தேடத் தெரியும். அது வந்து சரிதாகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும்."

"தேடிப் பாக்கறேன்," என்றார் அமலநாதன். தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பதை நம்ப அவருக்கு ஒரு கணம் பிடித்தது. பெர்னதெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சீக்கிரம் பாருங்க சார். மச்சான் ஏற்கெனவே ஒண்ணப் புடிச்சி வச்சிருக்கான். லினெட், புதுச்சேரின்னு போட்டுத் தேடினானாம், மொதல்லயே வந்துச்சாம். லாஸ்பேட்டைல தையக்கடை வச்சிருக்கற பொண்ணு. நம்பரும் இருக்குது, போட்டோவும் இருக்குது. எனக்கு அந்தப் பொண்ண ஆயுசுல தெரியாது. சொன்னா கேக்க மாட்டேங்கறான். சாயந்திரம் நாலு பேரக் கூட்டிக்கினு அந்தக் கடைக்குப் போறானாம்."

அமலநாதன் எழுந்தார். எங்கேயோ ஒரு தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத பெண், அவர் கண்ணில் மகளின் சாயலில்தான் வந்தாள். வாசலில் நாலு ஆண்கள்.

"அது இல்ல," என்றார்.

"எது சார்?"

"அந்தப் பொண்ணு இல்ல. லினெட் எம்பொண்ணு. அவ ஊர்லயே இல்ல. எழுதினது நான்." செல்போனை நீட்டினார். அதில் பச்சை வட்டம் இருந்தது. "போஸ்டரப் பாத்தேன். பாதி கிழிஞ்சிருந்தது. உங்க பேரு இருந்தது. கேட்டிருக்கலாம். பக்கத்துக் கடைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

புருஷோத்தமன் செல்போனை வாங்கவில்லை. வட்டத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், பிறகு அமலநாதனின் முகத்தைப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று அமலநாதன் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது.

"இப்ப எங்கிட்ட ரிப்போர்ட் பண்ணேன்னு சொன்னீங்களே, அது?"

"நான் எழுதினத நானே அழிச்சேன்."

"நான் கும்பிட்டேன் சார்," என்றார் புருஷோத்தமன். குரலை உயர்த்தவில்லை. பெர்னதெத்தின் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கும் தெரியுமா?"

"தெரியும்பா. நான் உனக்காக ஜெபமால வேற சொன்னேன்."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வரப்பார்த்து, வராமல் போனது. உள்ளே போனார். ஃபில்டரின் மூடியை இறுக்கும் சத்தம் கேட்டது. பாதியில் விட்ட வேலையை முடிக்காமல் போகிற ஆள் இல்லை. பைக்குள் ஸ்பேனர் விழுந்தது. திரும்பி வந்தபோது செல்போன் கையில் இருந்தது.

"மொதல்ல மச்சான்கிட்ட சொல்லிட்டேன், போவாதடான்னு. இப்ப வீட்டுக்குப் போடறேன். நான் சொன்னா நம்பாது. யாரோ ஒரு பெரியவரக் காசு குடுத்துக் கூட்டியாந்து நாடகம் ஆடறேன்னு சொல்லும். நீங்களே பேசுங்க. இன்னா எழுதினீங்க, எதுக்கு எழுதினீங்க, எல்லாம் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். அழைப்பு போயிற்று. அமலநாதன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். எடுக்காமல் இருந்தால் தேவலை என்று நினைத்தார், அப்படி நினைத்ததற்கும் சேர்த்துக் கூசினார்.

எடுத்தாள். "இன்னா?" என்றாள். சோற்றை மூடி வைக்கிற குரல்.

புருஷோத்தமன் அமலநாதனைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"அம்மா, வணக்கம்," என்றார் அமலநாதன்.

"யாரு பேசறது?"

தன் பெயரைச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. பதவியைச் சொல்லலாம், தெருவைச் சொல்லலாம், அதிலும் பயனில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

"நான்தாம்மா," என்றார், பெர்னதெத்தின் முகத்தைப் பார்க்காமல், "அந்த லினெட்."