முந்நூறு டிகிரியில் ஒரு கரிப்படலம்

குமுதாவுக்கு அந்த வாரம் எதுவும் சரியாக அமையவில்லை. அறுவை சிகிச்சைக் கத்திகளின்மேல் வைரம்போல் உறுதியான கரிப்படலம் பூசுவதுதான் அவளுடைய ஆய்வு. பூசிய படலம் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால், சில நாள்களிலேயே கத்தியிலிருந்து உரிந்துவிடும். பூசும்போது கத்தியைச் சூடாக்கினால் படலம் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள்.

நூறு டிகிரியில் பெரிய மாற்றமில்லை. இருநூறைத் தாண்டியதும் படலம் கறுத்தது. முந்நூறில் பூசியதை ஊசியால் கீறினாள். பென்சில் கோடு அழிவதுபோல் வழித்துக்கொண்டு வந்தது.

சோதனை முடிவு காரணத்தைச் சொன்னது. வைரத்தில் ஒவ்வொரு கரி அணுவும் நான்கு அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அத்தனை உறுதி. சூடு ஏறினால் அணுக்கள் நகர்ந்து, மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தட்டையாகப் படிந்துவிடுகின்றன. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் அமைப்பு அது.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று குமுதா பையை எடுத்தபோது ருமானா உள்ளே வந்தாள். கிள்ளானைச் சேர்ந்தவள், அதே ஆய்வுக்கூடத்தில் வேறோர் ஆய்வு செய்பவள். ஆற்று நீரில் ஈயம் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் சிறு கருவிக்கு மின்முனை தேடிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்த மின்முனைகளெல்லாம் சீக்கிரமே கெட்டுப்போயின.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

"முந்நூறு டிகிரி சாம்பிள் எல்லாம் வேஸ்ட்லா. கத்திக்கு ஆகாது. வீசிடப் போறேன்."

"கிராஃபைட் மாதிரி ஆயிடுச்சா?"

"முக்கால்வாசி."

ருமானா மேசையிலிருந்த மீட்டரை எடுத்து, கத்திகளோடு சோதனைக்காகக் கண்ணாடியில் பூசியிருந்த துண்டின்மேல் இரண்டு முனைகளையும் வைத்தாள். முள் நன்றாக நகர்ந்தது.

"அக்கா! கரண்ட் போகுது. ஒன்னும் வீசாதீங்க. எனக்குக் குடுங்க!"

"இது சொரண்டினா வந்துடும்டி."

"தண்ணிக்குள்ள யாரு சொரண்டப் போறா?"

குமுதா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தின் முதல் சிரிப்பு.

ருமானா துண்டுகளை மின்முனைகளாக்கினாள். காப்பார் பக்கத்து ஆற்றிலிருந்து நீர் எடுத்துவந்து, அளந்து ஈயம் கலந்து சோதித்தாள். கணினித் திரையில் ஓடிய கோட்டில் ஈயத்துக்கு உரிய இடத்தில் கூர்மையாக ஒரு மேடு எழும்பியது. மறுநாளும் எழும்பியது. அடுத்த வாரமும் மின்முனை கெடவில்லை.

குமுதா சூட்டைக் கைவிட்டாள். கத்தியின்மேல் பிடிப்புக்காக முதலில் மெல்லிய டைட்டானியம் பூசி, அது ஆறியபின் கரியைப் பூசினாள். இம்முறை கத்தியை எத்தனை தடவை கழுவியும் உரியவில்லை. ஊசியால் கீறினாள்; ஊசிதான் மழுங்கியது.

அன்று மதியம் ருமானா அவளைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனாள். அவளுடைய மாமா மூசாவின் கடையில் மீன்கறி சூடாக வந்தது.

"நாளைக்கி பூசுற மெஷின் எனக்கு, சரியா? முந்நூறுல இன்னும் பத்து துண்டு வேணும்," என்றாள் ருமானா.

"காலையில நான். மெஷின் ஜில்லுனு இருக்கும்போதே என் கத்திய முடிச்சிடுறேன். அப்புறம் நீ எவ்ளோ வேணும்னாலும் சூடேத்திக்க."

ருமானா மீனின் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்கக்கா."